ஆபே என்றால் குரங்கா, தேனீயா?

லேக் கார்டன்ஸில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் கேன் கொண்டுவரும் மூன்று சக்கர வண்டியின் மேல் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து: ஏ, பி, ஈ. போன வாரம் என் ஏழு வயது மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, வண்டிக்குப் போய் யாராவது குரங்குன்னு பேர் வைப்பாங்களா?"

ஊரில் நாமெல்லாம் 'ஆபே ஆட்டோ' என்போமே, அதேதான். அது ஆங்கிலச் சொல் இல்லை, இத்தாலியச் சொல். பியாஜியோ கம்பெனி 1946ல் ஒரு ஸ்கூட்டர் செய்து வெஸ்பா என்று பேர் வைத்தது. வெஸ்பா என்றால் குளவி. 1948ல் அதன் உறவாக மூன்று சக்கரத்தில் ஒரு சுமை வண்டி வந்தது. அதற்கு ஆபே என்று பேர். ஆபே என்றால் தேனீ. நாள் முழுக்கச் சுமந்து உழைக்கிற வண்டிக்கு நல்ல பேர்தான்.

இதையெல்லாம் பெருமையாக விளக்கி முடித்தேன். அவள் கேட்டாள்: "தேனீன்னா?"

"மௌமாச்சிம்மா" என்றதும்தான் புரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. கொல்கத்தாவில் பிறந்து வளர்கிற பிள்ளை. பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் வங்காளம். குற்றம் அவளுடையது இல்லை. இத்தாலியில் தேனீக்கு என்ன பேர் என்று சொல்லத் தெரிந்த அப்பா, தமிழில் என்ன பேர் என்று ஏழு வருடமாகச் சொல்லவில்லை. அந்த உறுத்தலில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லத்தீனில் தேனீக்கு அப்பிஸ் என்று பேர். இத்தாலிய ஆபே அதன் நேர் வாரிசு. 'குட்டித் தேனீ' என்று செல்லமாகச் சொல்லும் அப்பிகுலா என்ற வடிவத்திலிருந்து ஸ்பானிய அபேஹாவும் போர்த்துகீசிய அபேல்யாவும் வந்தன. பிரெஞ்சில் நடந்ததுதான் வேடிக்கை. அங்கே அப்பிஸ் தேய்ந்து தேய்ந்து, வடக்குப் பகுதிகளில் கடைசியில் 'ஏ' என்ற ஒற்றை உயிரெழுத்தாகிவிட்டது. ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? காதில் சரியாக விழவே விழாதே. அதனால் சில பகுதிக்காரர்கள் தெற்கிலிருந்து அபெய் என்ற சொல்லைக் கடன் வாங்கினார்கள். வேறு சிலர் 'முஷ் ஆ மியேல்' என்று புதிதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதன் பொருள் என்ன தெரியுமா? தேன் ஈ! ழூல் ஜில்லியரோன் என்ற மொழியறிஞர் இந்த ஒரு பூச்சியின் பேர்களை மட்டும் ஆராய்ந்து 1918ல் ஒரு முழுப் புத்தகமே போட்டிருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குள் இருந்த தமிழன் துள்ளிக் குதித்தான். பிரெஞ்சில் 'ஏ', தமிழில் 'ஈ'. அங்கேயும் தேன் ஈ, இங்கேயும் தேனீ. 'லத்தீனுக்கே தாய் தமிழ்தான்' என்று நாலு பேருக்கு மெயில் அனுப்பிவிடலாமா என்று கை பரபரத்தது. வெளியூரில் இருக்கிற நமக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு, இல்லையா?

நல்லவேளை, நான் இருக்கும் ஊர் எது என்று ஞாபகம் வந்தது. 1786 பிப்ரவரி 2ஆம் தேதி வில்லியம் ஜோன்ஸ் இதே கல்கத்தாவில்தான், ஆசியாட்டிக் சொசைட்டியில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று பேசினார். நம் பக்கத்துக்கு அந்த வேலையைச் செய்தவர் எல்லிஸ். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816ல் சென்னையிலிருந்து எழுதினார். 1856ல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் வகுத்த விதி எளிமையானது. ரெண்டு சொல் ஒரே மாதிரி ஒலித்தால் போதாது. ஒலி மாறிய வழி, அந்த மொழிகளின் மற்ற சொற்களிலும் அதே ஒழுங்கில் தெரியவேண்டும்.

அந்தத் தராசில் வைத்தால் பிரெஞ்சு 'ஏ'யும் நம் 'ஈ'யும் நிற்காது. அது அப்பிஸ் தேய்ந்து மிஞ்சிய துண்டு. நம் ஈ, தெலுங்கு ஈகவுக்கும் மலையாள ஈச்சைக்கும் கூடப்பிறந்தது. எகிப்தியர் கும்பிட்ட காளைக்கும் அப்பிஸ் என்றுதான் பேர். அதற்கும் லத்தீன் தேனீக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தராசில் நிற்கிற உறவும் உண்டு. சமஸ்கிருத மதுவும், ஆங்கிலத்தில் தேனிலிருந்து காய்ச்சும் கள்ளுக்குச் சொல்கிற மீட் என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த மதுதான் வங்காளத்தில் 'மௌ' ஆனது. மட்சிகா 'மாச்சி' ஆனது, மாச்சி என்றால் ஈ. ஆக மௌமாச்சி என்றாலும் தேன் ஈதான். இந்தி மதுமக்கியும் அதேதான். தெலுங்குத் தேனெடீகவும் கன்னட ஜேனு நொணவும் கூட அதேதான். வெவ்வேறு குடும்பத்து மொழிகள் இந்தச் சின்னப் பூச்சியைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. யாரும் யாருக்கும் தாயாக இருந்துதான் இது நடக்கவேண்டும் என்பதில்லை. எனக்கு அந்த மெயிலைவிட இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

அப்படியானால் லத்தீன் நம் வீட்டுக்கு வரவே இல்லையா என்றால், வந்தது. போர்த்துகீசியக் கப்பலில் வந்தது. நாம் ஜன்னல் என்கிறோம், எதிர்வீட்டு மாஷிமா ஜானாலா என்கிறார். நமக்குச் சாவி, அவர்களுக்குச் சாபி. அலமாரி ரெண்டு வீட்டிலும் அலமாரியேதான். மூன்றும் லத்தீனில் பிறந்து போர்த்துகீசியம் வழியாகத் தமிழ்க் கரைக்கும் வங்கக் கரைக்கும் இறங்கியவை. ஆனால் அபேல்யா மட்டும் இறங்கவில்லை. கையில் இருக்கிற பொருளுக்குப் பேரை யாராவது கடன் வாங்குவார்களா? சுந்தரவனத்தில் புலிக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்து, போன்பீபியை வேண்டிக்கொண்டு தேனெடுக்கப் போகிறவர்களுக்கு மௌலே என்றே பேர். நம் நீலகிரியில் குறும்பர்கள் பாறையில் தொங்கித் தேன் எடுக்கிறார்கள். இவர்களுக்குப் போய் வெளிநாட்டான் தேனீயை அறிமுகப்படுத்த முடியுமா?

பிறகு அப்பிஸ் வேறு வழியாக நம் ஊருக்கு வந்தது. லின்னேயஸ் 1758ல் ஐரோப்பியத் தேனீக்கு அப்பிஸ் மெல்லிஃபெரா, 'தேன் சுமப்பது' என்று பேர் வைத்தார். தேனீ சுமப்பது பூவின் மதுரம், தேன் கூட்டில்தான் உருவாகிறது என்று உறைத்ததும், 1761ல் 'தேன் செய்வது' என்று பொருள்வர மெல்லிஃபிகா என மாற்றிப் பார்த்தார். ஆனால் அறிவியலில் முதலில் வைத்த பேருக்கே உரிமை. தப்பான பேரே நிலைத்துவிட்டது.

அவருடைய மாணவர் ஃபாப்ரீசியஸ் டென்மார்க்காரர். அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே பிடித்த பூச்சிகள் கப்பலேறி அவர் மேசைக்குப் போயின. 1787ல் ஃப்ளோரியா, 1793ல் டார்சாட்டா, 1798ல் இண்டிகா என்று நம் பக்கத்துத் தேனீக்களுக்கு அவர் வரிசையாகப் பேர் வைத்தார். (1779ல் வேப்பேரியில் தமிழ் அகராதி அச்சிட்ட ஃபாப்ரீசியஸ் பாதிரியார் வேறு ஆள். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் அந்தத் தேனீக்களுக்கு நம்மிடம் என்ன பேர் என்று பாருங்கள். ஃப்ளோரியா நமக்குக் கொம்புத் தேனீ, சின்னக் கிளையில் ஒற்றை அடை கட்டும். டார்சாட்டா மலைத் தேனீ, பாறையிலும் உயரமான மரத்திலும் பெரிய அடையாகத் தொங்கும். இண்டிகா அடுக்குத் தேனீ, பொந்துக்குள் அடை அடையாக அடுக்கும். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் ஊர்க்காரர்களுக்குப் பெட்டியில் வளர்க்கக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். கொட்டாத குட்டிக்குக் கொசுத் தேனீ என்று பேர். லின்னேயஸ் தேனைப் பார்த்துப் பேர் வைத்தார். நம் ஆட்கள் அது எங்கே குடியிருக்கிறது, எப்படி வீடு கட்டுகிறது என்று பார்த்து வைத்தார்கள். பேரைக் கேட்டாலே கூடு எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும்.

தமிழ் எல்லாவற்றுக்கும் தாய் என்று என் மகளுக்கு நான் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த நாலு பேரைச் சொன்னால் போதும். நான் சொல்லாவிட்டால், லேக் கார்டன்ஸில் அவளுக்கு அதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் இன்றைக்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நேற்றுக் காலை கேன் வண்டி வந்தது. "அப்பா, தேனீ வந்துருச்சு!" என்று மாடியிலிருந்து கத்தினாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "இது கொம்புத் தேனீயா, அடுக்குத் தேனீயா?"

வண்டியில் கேன்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. அடுக்குத் தேனீதான் என்று முடிவு செய்தோம்.