கொதிக்கும் என்ஜின்: பெர்த்தா பென்ஸ் முதல் பழைய அம்பாசிடர் வரை

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். காலையில் இருபது கிலோமீட்டர் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. மாலையில் சிக்னலில் நின்றவுடன் மீட்டர் முள் சிவப்பைத் தொடும். பதறிப்போய் மெக்கானிக்கிடம் கொண்டு போனால், அங்கே கார் சமத்தாக நிற்கும்! வந்து வந்து போகும் இந்தச் சூட்டைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆனால் என்ஜினைக் குளிர்விக்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்ற வரலாறு தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

தண்ணீர் தேடிய பயணம்

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரியில் காப்புரிமை கோரினார். அதில் இன்று நாம் காணும் ரேடியேட்டர் கிடையாது. என்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். அந்த ஆவிதான் சூட்டைக் கொண்டு போகும். தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். சுமார் 100 கிலோமீட்டர் தூரம். வழியில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தண்ணீர் கிடைத்த இடத்திலெல்லாம் நிறுத்தி ஊற்றினார். உலகின் முதல் நீண்ட கார் பயணமே என்ஜின் சூட்டோடு போராடிய பயணம்தான்!

தேன்கூடு வந்தது

என்ஜினின் சக்தி கூடக் கூட இந்த முறை எடுபடவில்லை. 1900 இறுதியில் வில்ஹெல்ம் மேபாக் 35 குதிரைத்திறன் கொண்ட முதல் மெர்சிடிஸ் காரை வடிவமைத்தபோது தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அதில் வைத்தார். 8,070 சின்னச் சதுரக் குழாய்கள். அவற்றினுள் காற்று புகுந்து போகும், இடுக்குகளில் தண்ணீர் ஓடும். பின்னால் ஒரு விசிறி. 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

ஃபோர்டின் மாடல் டி (1908-1927) வேறு வழியில் போனது. ஆரம்பத்தில் வந்த சில ஆயிரம் கார்களுக்குப் பிறகு வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அவ்வளவுதான். மலிவான முறை. ஆனால் தண்ணீர் மேல் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சியே நின்றுவிடும்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. தண்ணீரைத் தள்ள பம்ப். என்ஜின் சரியான சூட்டுக்கு வரும்வரை வழியை அடைத்துவைக்க தெர்மோஸ்டாட். கொதிநிலையை உயர்த்த அழுத்த மூடி: உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஒவ்வொரு பாகமும் பழைய சிக்கல் ஒன்றைத் தீர்த்தது. கூடவே புதிதாகப் பழுதாவதற்கு ஓர் இடத்தையும் கொண்டுவந்தது.

எப்போது சூடாகிறது?

1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரான அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். அதன் பழைய பெட்ரோல் மாடல்களில் விசிறியை என்ஜினே பெல்ட் மூலம் சுற்றுகிறது. நெரிசலில் என்ஜின் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகிவிடும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் காற்று இல்லை! அதனால் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது "எப்போது சூடாகிறது?" என்பதைத்தான்.

- நின்றால் சூடு, ஓடினால் சரி: விசிறியைப் பார்க்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருக்கலாம். மின்விசிறி உள்ள கார்களில் சுவிட்சோ ரிலேயோ பழுதாகியிருக்கலாம்.
- வேகத்திலும் மேட்டிலும் சூடு: ரேடியேட்டரில் துருவும் உப்பும் அடைத்திருக்கலாம். கீழ் ஹோஸ் மென்மையாகிப்போய், பம்ப் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்வதும் உண்டு.
- முள் திடீரென ஏறி, சட்டென இறங்குகிறது: தெர்மோஸ்டாட் ஒட்டி ஒட்டித் திறக்கிறது. அதைக் கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு, குறித்த சூட்டில் திறக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.
- தண்ணீர் குறைகிறது, வெளியே கசிவு இல்லை: ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ரேடியேட்டரில் குமிழி, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை ஆகியவை இதன் அடையாளம்.
- முள் சிவப்பில் இருக்கிறது, என்ஜினில் சூடே இல்லை: சென்சார் அல்லது வயரிங் கோளாறு.

பலர் செய்யும் தவறு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போடுவது. கொஞ்ச நாள் சூடு குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், உண்மையான பழுதோ மறைந்தே இருக்கும். அதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும். சின்ன மூடிக்கும் பெல்ட்டுக்கும் மிச்சம் பிடித்த காசு, வட்டியும் முதலுமாக அங்கே போகும்.

பணத்தை விடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அழுத்தம் சட்டென விடுபட்டு, 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீய்ச்சியடிக்கும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பே வெடிக்கலாம். ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருப்பதே சரி.

அன்று பெர்த்தாவுக்குத் தண்ணீர் எப்போது தீரும் என்பது தெரிந்திருந்தது, அதனால் ஊர் போய்ச் சேர்ந்தார். இன்று மூடிக்குள் எல்லாமே மறைந்திருக்கிறது. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு சூடாகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் காட்டிப் பாருங்கள். பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்துவிடும்!