சட்டாம்பிள்ளை போன சீமைப் பயணம்

"யாரும் பேசக்கூடாது, பேர் எழுதி வெச்சுருவேன்!" வாத்தியார் வெளியே போன நேரத்தில் வகுப்பு லீடர் போடும் இந்த அதட்டலைக் கேட்காமல் படித்து முடித்தவர் நம் சங்கத்தில் யாராவது உண்டா? அந்த லீடருக்கு முன்னோர் ஒருவர் இருக்கிறார். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை.

1822-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் (ஊட்டியை உருவாக்கினாரே, அவரேதானுங்க) சென்னைக்கு அனுப்பிய கணக்கில், ஈரோடு, கரூர் எல்லாம் சேர்ந்த அன்றைய ஜில்லாவில் 763 பள்ளிக்கூடங்கள். படித்தவர்கள் 8,206 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு திண்ணைக்குப் பதினோரு பேர். ஒருவன் மணலில் 'அ' எழுதுவான், இன்னொருவன் ஓலையில் கணக்குப் போடுவான். வாத்தியாரோ ஒருவர்தான். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். சட்டாம்பிள்ளை வாய்பாட்டை முறை சொல்ல, மற்றவர்கள் கூடவே கத்தினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 8,206 பேரில் பெண் பிள்ளைகள் வெறும் 82 பேர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒழுங்குக்கு என்ன வழி? பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் எழுதி வைத்திருக்கிறார். முதலில் வருகிறவன் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர். இரண்டாமவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி. அதற்கப்புறம் வருகிறவனுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கூடும். கடைசியாக வந்தவன் கதியை நினைத்தால் நமக்கே கை எரிகிறது!

இதற்கெல்லாம் முன்பே சட்டாம்பிள்ளை கப்பலேறிவிட்டார். 1789-இல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். திண்ணைப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படியே செய்யுங்கள் என்றார். உதவி வாத்தியார்கள் ஒத்துவரவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வேலையைக் கொடுத்தார். அவன் செய்து காட்டினான். 1797-இல் பெல் லண்டனில் புத்தகம் போட, 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியர் மேய்க்கலாம், செலவு குறைவு. அவர்களுக்குப் பிடித்தது அதுதான். பதினோரு பேருக்குப் பொருந்திய முறை, அங்கே பெரிய கொட்டகையில் பட்டாளத்து டிரில் ஆகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். நமக்குத் திரும்பி வந்த 'மானிட்டர்' அந்த டிரில்காரர்தான். கற்றுக்கொடுக்கிற வேலை போய், பேர் எழுதுகிற வேலைதான் அவரிடம் மிஞ்சியது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் தரைக்கு இறங்கினார். ஆசிரியர் உதவியோடு படிக்க ஒரு குழு, தோழர்கள் உதவியோடு படிக்க இன்னொரு குழு. நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அட்டையைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தது. "என்னங்க சார், ஒரே சந்தைக்கடைச் சத்தம்!" என்று முணுமுணுத்தவர்கள் நம் ஆசிரிய நண்பர்களிலேயே உண்டு. சத்தம் இருந்தது வாஸ்தவம்தான். பக்கத்தில் போய்க் கேட்டால், அதில் பாதிக்கு மேல் பாடம்.