எலும்பின் மேல் எழும் முகம்

ஆந்திர மாநிலத்தின் தெற்கு எல்லையில், குப்பத்தை அடுத்த சாந்திபுரம் வட்டாரத்தில், தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து வழங்குகின்றன. அங்கே ஒருவர் வாய் திறக்குமுன் அவர் எம்மொழியினர் என்று முகத்தைக் கண்டு கூறுதல் அரிது. அவ்வாறிருக்க, தசையும் தோலும் அழிந்துபோன மண்டையோட்டிலிருந்து முகத்தை மீட்க இயலுமா?

திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயரும் தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகள் உள்ளன. அவை மன்னர் காலத்தவை. சிற்பி அவரை நேரில் கண்டிருக்கலாம். ஆனால் சிவகங்கை மாவட்டத்துக் கொந்தகையில், ஈமத்தாழிகளில் துயில்வோருக்குச் சிலையும் இல்லை, பெயரும் இல்லை. எலும்பே எஞ்சியுள்ளது.

இத்துறையின் வரலாறு ஜெர்மனியில் தொடங்கிற்று. 1883இல் ஹாலே நகரத்து வெல்க்கர் என்னும் உடற்கூற்று அறிஞர், இறந்தோர் முகங்களில் மெல்லிய அலகைச் செலுத்தித் தசையின் கனத்தை அளந்தார். 1894இல் லைப்சிக் நகரில் இசைமேதை பாக் என்பாருடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் கிடைத்தன. வில்ஹெல்ம் ஹிஸ் என்பார் ஊசியால் பல முகங்களை அளந்து சராசரி கண்டார். அவ்வளவுகளைக் கொண்டு செஃப்னர் என்னும் சிற்பி மண்டையோட்டின் வார்ப்பின்மேல் முகம் சமைத்தார்.

ஆனால் சராசரி என்பது எந்தத் தனிமனிதருடைய முகமும் அன்று. நெற்றியில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டரே உள்ள தசை, கன்னத்தில் 20 மில்லிமீட்டரையும் தாண்டுவதுண்டு. உடல் பருத்தால் கன்னம் தடிக்கும், மெலிந்தால் ஒட்டும். ஆண், பெண், வயது என்னும் வேறுபாடுகளும் உண்டு. இறந்த உடலின் தசை உலர்ந்து மாறுவதால், இக்காலத்தில் உயிருள்ளோரையே சி.டி. கருவியாலும் ஒலியலையாலும் அளக்கின்றனர். அவ்வளவைகள் உணர்த்தும் உண்மை ஒன்று: ஓரினத்துக்கும் மற்றோரினத்துக்கும் இடையே காணும் வேறுபாட்டினும், ஒரே இனத்து மாந்தரிடையே காணும் வேறுபாடு பெரிது.

கொந்தகையில் கிடைத்த ஆடவர் மண்டையோடுகள் இரண்டுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் கணினி வழியே முகம் அமைத்து 2025இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழமை கூறப்படும் அம்முகங்களைக் கண்டு தமிழர் பலர் நெகிழ்ந்தனர். அந்நெகிழ்ச்சி இயல்பே. எனினும் எலும்பு தெரிவிப்பது எது, கலைஞர் சேர்ப்பது எது எனப் பகுத்தறிதல் வேண்டும். கண்களின் இடைவெளியையும் மூக்கெலும்பின் அகலத்தையும் எலும்பு ஓரளவு சொல்லும். தோலின் நிறம், முடி, இதழின் வடிவு ஆகியவற்றை உறுதியாகச் சொல்லாது. இக்காலத்துத் தென்னிந்தியர் தோற்றத்தைத் துணைக்கொண்டே அவற்றுக்கு நிறம் தீட்டினர். ஆகவே, அம்முகம் நம்மைப் போன்றிருத்தல் ஒன்றே அது நம் முன்னோருடையது என்பதற்குச் சான்றாகாது.

பிறந்த மண்ணைப் பிரிந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது பயனுள்ள பாடம். நம் பிள்ளைகள் தம்மைத் தமிழர் என்று அறிவது கன்னத்தின் கனத்தாலோ மூக்கின் வடிவாலோ அன்று. வீட்டில் நாம் பேசும் சொல்லாலேயே. கொந்தகைத் தாழியில் துயில்வோர் எம்மொழி பேசினர் என்பதை அவர்தம் எலும்பு சொல்ல மாட்டாது. நாம் எம்மொழி பேசினோம் என்பதை நம் எலும்பும் சொல்லாது. நம் பிள்ளைகளே சொல்ல வேண்டும்.