பழைய தெருவும் புதிய வீடும்



புதுச்சேரியின் பழைய தெருவொன்றில் ஒருவருக்குப் பாட்டனார் கட்டிய வீடு இருக்கிறது. அதனை இடித்து நான்கு மாடி எழுப்ப அவர் விரும்புகிறார். வீடு அவருடையது, மனையும் அவருடையது. தடுப்பதற்கு ஊராருக்கு உரிமை உண்டா? இவ்வினாவிற்கு விடை காண, அந்நகரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1693ஆம் ஆண்டில் டச்சுக்காரர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். நேர்த்தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக அமையும் நகர்த் திட்டத்தை வகுத்தவர் அவர்களே. 1699இல் நகர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1761இல் ஆங்கிலேயர் அதனை வென்று, கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். 1763ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின், பழைய தெருக்களின் மீதே நகர் மறுபடியும் எழுந்தது. ஆகவே, இன்று நாம் பழமை எனப் போற்றுவதும் ஒருநாள் புதுமையாய் இருந்ததே. புதிதாகக் கட்டுவது குற்றமன்று.

பின் எது குற்றம்? கால்வாய்க்கு மேற்கே உள்ள தமிழர் பகுதிக்குச் சென்று பாருங்கள். தெருவோரம் மரத்தூண் தாங்கும் தாழ்வாரம். அதனை அடுத்துத் திண்ணை. உள்ளே வானம் பார்த்த முற்றம். அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, வழிப்போக்கனுக்கு நிழல் தந்தன. நடுவில் ஒரு வீடு இடிந்தால் அந்நிழல் அறுபடுகிறது. வீடு ஒருவருடையது, தெருவின் வரிசையோ அனைவருடையது.

துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கே இன்னும் நிற்கிறது. 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய அப்பெரியார், 1761இல் நகர் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் மறைந்தார். அவர் மாளிகையின் கீழ்த்தளம் தமிழ் முறையில் அமைந்தது. மேல்தளம் பிரெஞ்சு முறையில் அமைந்தது. பழையதை அழிக்காமலே புதியதை ஏற்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆயினும் உரிமையாளரின் துன்பத்தையும் நாம் மறத்தலாகாது. ஒரு வீட்டிற்குப் பத்துப் பங்காளிகள். மழை பெய்தால் ஒழுகும் தளம். சுண்ணாம்புச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தர் அரியர். தெருவின் அழகு ஊருக்கும், அதன் செலவு ஒருவருக்கும் என்றால் அது நீதியாகாது. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு, வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் வரிசையாகச் சீர் செய்யப்பட்டன. அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பொதுநிதி தோள் கொடுத்தால் வீடும் நிலைக்கும், வீட்டாரும் வாழ்வர் என்பதை அவ்வீதி காட்டிற்று.

காலம் தாழ்த்தினால் நேர்வது என்ன? கடற்கரையில் நின்ற மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மாதத்தில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டு, 2021இல் திறக்கப்பட்டது. முகம் மீண்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் கைபட்ட சுவர் மீளவில்லை.

ஆதலின், நாம் முதலிற் கூறிய உரிமையாளருக்கு என் விடை இது: தாழ்வாரமும் திண்ணையும் தெருவின் உயரமும் நிற்கட்டும், பின்கட்டில் உமக்கு வேண்டிய வசதிகளைச் செய்துகொள்ளும். அதற்காகும் மிகைச் செலவில் ஊரும் பங்கேற்கட்டும்.

மாணவர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரின் மிகப் பழைய வீட்டிற்குச் செல்லுங்கள். வீட்டாரிடம் அனுமதி பெற்று, திண்ணையின் நீளத்தையும் தூண்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். அதனைக் கட்டியவர் யார், எந்த ஆண்டில் கட்டினார் என்று அங்குள்ள முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவ்வீட்டை இடிக்கலாமா என்ற பேச்சு எழும் நாளில், உங்கள் குறிப்பேடு பயன்படும்.