திசை மாறி ஓடும் வண்டிகள்

போகும் வண்டிகளுக்கு ஒரு பாதை; வரும் வண்டிகளுக்கு வேறொரு பாதை; இரண்டுக்கும் நடுவே ஒரு திட்டு. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் சுங்க நெடுஞ்சாலை இவ்வகையில் அமைந்து திறக்கப்பட்டது. பின்னர் 1956-இல் இயற்றப்பட்ட சட்டம், நாடு முழுவதும் 41,000 மைல் நீளத்துக்கு இத்தகைய சாலைகள் அமைக்க வழிவகுத்தது. குறுக்குச் சாலை இல்லை. எதிரே வண்டி இல்லை. எனவே நேருக்கு நேர் மோதல் என்பதே இனி இராது என்று தோன்றியது.

ஆனால் விரைவுச் சாலைக்குள் நுழைய ஏறுபாதை ஒன்று இருந்தால், வெளியேற இறங்குபாதை ஒன்றும் இருக்க வேண்டும் அல்லவா? அந்த இறங்குபாதையின் வாயில் உள்ளூர்ச் சாலையில் திறந்தே கிடக்கிறது. இரவில் வழி தெரியாத ஒருவர் அதனை ஏறுபாதை என்று எண்ணித் திரும்பிவிட்டால் என்ன ஆகும்? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக வரும் இரு வண்டிகளுக்கு இடையே 100 மீட்டர் தொலைவு இருந்தால், அது இரண்டு வினாடிக்குள் மறைந்துவிடும். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, தடையை மிதிக்கப் போதிய நேரம் இல்லை.

கலிபோர்னியாவின் சோதனைகள்

இச்சிக்கலை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர்களுள் கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலைத் துறையினர் குறிப்பிடத்தக்கவர்கள். 1960-களில் அவர்கள் பல வழிகளைச் சோதித்தனர். அவற்றுள் ஒன்று எவருக்கும் எளிதில் தோன்றும் வழி. வாகன நிறுத்தங்களின் வாயிலில் தரையில் கூர்முனைகளைப் பதித்திருப்பார்கள். சரியான திசையில் வந்தால் அவை மடங்கிக் கொடுக்கும். எதிர்த் திசையில் வந்தால் டயரைக் கிழித்துவிடும். இறங்குபாதையிலும் இதையே பதித்தால் என்ன?

சோதனையில் இது தோற்றது. டயரில் இருந்து காற்று முழுவதும் இறங்குவதற்குள் வண்டி விரைவுச் சாலைக்குள் நுழைந்துவிடும். ஓயாமல் வண்டிகள் ஏறி இறங்கியதில் முனைகள் முறிந்தன. மிஞ்சிய கட்டைகள், சரியான திசையில் வந்த வண்டிகளின் டயர்களைக் கெடுத்தன. தரையில் முனைகளைக் கண்டு அஞ்சிய நல்ல ஓட்டுநர்கள் திடீரெனத் தடையை மிதித்தனர். தவறு செய்பவரைத் தண்டிக்க வைத்த பொறி, தவறு செய்யாதவருக்கு இடராயிற்று.

ஆகவே ஆராய்ச்சியாளர் வேறு கேள்வி கேட்டனர். தவறு எந்த இடத்தில் நேர்கிறது? எதனால் நேர்கிறது? எதிர்த் திசையில் வண்டி கடந்தால் மட்டுமே இயங்கிப் படம் பிடிக்கும் புகைப்படக் கருவிகளை இறங்குபாதைகளில் வைத்தனர். மாநிலத்தில் இருந்த ஏறத்தாழ 4,000 இறங்குபாதைகளும் இவ்வாறு கண்காணிக்கப்பட்டன. ஏறுபாதையும் இறங்குபாதையும் அருகருகே அமைந்த சந்திப்புகளில் குழப்பம் மிகுதி என்பது தெரிய வந்தது. சில பாதைகளில் மாதத்துக்கு 50, 60 முறை வண்டிகள் தவறாக நுழைந்திருந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பிழையை உணர்ந்து உடனே திரும்பிவிட்டதால், அது வெளியே தெரியாமலேயே இருந்தது.

இரண்டடி உயரத்தில் ஒரு பலகை

"நுழையாதே", "தவறான வழி" என்னும் பலகைகள் அங்கு இல்லாமல் இல்லை. அவை வழக்கம்போல் 5 அடி அல்லது 7 அடி உயரத்தில் நின்றன. இரவில் வண்டியின் தாழ்நிலை விளக்கொளி அவ்வளவு உயரத்தில் நன்றாக விழுவதில்லை. மேலும், குடித்திருப்பவரின் பார்வை வண்டிக்கு முன்னுள்ள தரையிலேயே பெரும்பாலும் தங்குகிறது. ஆகவே இரு பலகைகளையும் ஒரே கம்பத்தில் பொருத்தி, கீழ்ப்பலகையின் அடிவிளிம்பு தரைக்கு மேல் 2 அடியில் இருக்கும்படி இறக்கினர். தவறான திசையில் வருபவர்க்கு மட்டும் சிவப்பாக ஒளிரும் பிரதிபலிப்பான்களையும் சாலையில் பதித்தனர்.

பலன் வியக்கத்தக்கது. மாதம் 50, 60 தவறுகள் நேர்ந்த பாதைகளில் அவை 2 முதல் 6 வரையாகக் குறைந்தன. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஓட்டுநரின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே பலகையைக் கொண்டு வைத்ததுதான் வேறுபாடு.

எஞ்சி நிற்கும் சிலர்

எனினும் சிக்கல் முற்றும் தீரவில்லை. 1988 மே 14 இரவு, கென்டக்கி மாநிலத்தில் கரோல்ட்டன் நகருக்கு அருகே, குடித்திருந்த ஒருவர் எதிர்த் திசையில் ஓட்டி வந்த சிறு லாரி, இளைஞர்கள் நிறைந்த பேருந்தின்மீது மோதியது. பேருந்தின் எரிபொருள் கலம் உடைந்து தீப்பற்றியது. முன்வாயிலைத் தீ அடைத்துக்கொள்ள, 27 பேர் மாண்டனர்.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004 முதல் 2009 வரை இத்தகைய விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 360 பேர் உயிரிழந்தனர். விபத்துக்குக் காரணமான ஓட்டுநர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடித்திருந்தனர். எழுபது வயதைக் கடந்த முதியோரும் அவர்களிடையே மிகுதி. மோதல்கள் பெரும்பாலும் நடுத்திட்டை ஒட்டிய தடத்திலேயே நேர்ந்தன. இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் வண்டிகள் வலப்புறம் செல்லும். தவறாக நுழைந்தவர் தமக்கு வலப்புறம் உள்ள ஓரத் தடத்தில் பாதுகாப்பாகச் செல்வதாக எண்ணுகிறார். எதிரே வருவோர்க்கு அதுவே மிக விரைவாகச் செல்லும் உள்தடம்!

2018-இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில், வெப்பத்தை உணரும் படக்கருவிகள் 15 மைல் நீளச் சாலையில் பொருத்தப்பட்டன. எதிர்த் திசையில் வண்டி நுழைந்ததும் அவருக்கு எச்சரிக்கைப் பலகை ஒளிரும். அதே நொடியில் காவலருக்குச் செய்தி செல்லும். எதிரே வருவோருக்கும் மின்பலகைகள் வழியே அறிவிப்பு எட்டும். பலகையைப் பார்க்க இயலாத நிலையில் ஒருவர் வரக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அவர் எதிரே வருவோரைக் காப்பதற்கு எடுத்த முயற்சி இது.

குழம்பியவரைத் திருப்ப இரண்டடி உயரப் பலகை போதுமானதாயிருந்தது. குடித்துவிட்டு வண்டியின் சாவியை எடுப்பவரைத் திருப்ப வேண்டிய இடமோ இறங்குபாதையின் வாயில் அன்று. அவர் புறப்படும் வீட்டு வாயில்.