ஓடையில் மிதக்கும் இலைப்பை

1990-களின் மத்தியில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் டான்ஓக் மரங்கள் திடீர்னு காய ஆரம்பித்தன. யூரோக், ஹூபா பழங்குடிகள் கொட்டையை இடித்துக் கஞ்சி காய்ச்சிய மரம் இது. காரணத்தை 2000-இல்தான் டேவிட் ரிஸோவும் மத்தேயோ கார்பலோட்டோவும் பிடித்தார்கள். அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தைக் கொண்டுவந்த ஃபைட்டோப்தோராவின் பங்காளி! 2001-இல் ராமோரம் என்று பெயர் வைத்தார்கள். பார்க்கத்தான் பூஞ்சை மாதிரி. உண்மையில் பழுப்புப் பாசிகளுக்குச் சொந்தம். வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும்.

அந்த நீச்சலையே பிடித்துக்கொண்டார்கள் பாருங்க, அதுதான் எனக்குப் பிடித்தது. காட்டில் ஒவ்வொரு மரமாக யார் போய்ப் பார்ப்பது? ரோடோடென்ட்ரான் இலைகளை வலைப்பையில் போட்டு ஓடையில் மிதக்கவிட்டார்கள். ஓரிரு வாரம் கழித்து எடுத்தால், கிருமி வந்திருந்தால் இலையில் கருந்திட்டு. அதை லேபில் வளர்த்து உறுதி செய்வார்கள். மரம் வாடுவது கண்ணில் படும் முன்பே சில இடங்களில் ஓடை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனா எந்த மரம்னு சொல்லாது. (சர்வர் லாக்ல 'எங்கேயோ எரர்'னு மட்டும் வர்ற கதைதான்.) ஓடையோரமா மேலே ஏறி நடந்துதான் தேடணும். ஒரிகனில் 2001 முதல் நோய்கண்ட மரங்களையும் சுற்றியிருந்தவற்றையும் வெட்டி எரித்தார்கள். 2010 வாக்கில் முழுசா ஒழிக்கும் எண்ணத்தை விட்டு, பரவலை மெதுவாக்கினால் போதும் என்று இறங்கிவந்தார்கள். இலைப்பை போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.