தடம் காட்டாத நோய்

எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் பெருகிவிட்டன. பெண்களுக்கான முழு உடல் பரிசோதனையில் சிஏ-125 என்ற சோதனையும் இருக்கிறது. அதை எடுத்தால் சினைப்பைப் புற்றுநோயை முன்பே பிடித்துவிடலாமா என்று சிலர் என்னைக் கேட்டார்கள். நான் வைத்தியன் அல்ல, ஓய்வுபெற்ற குமாஸ்தா. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நோய் வெளிப்படுமுன் தேடிக் கண்டுபிடிப்பதை அம்மொழியில் 'தெபிஸ்தாஜ்' என்பார்கள். தடம் பார்த்துப் பிடிப்பது என்று பொருள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் தடம் விடும் நோய். அது வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்குள்ள செல்கள் மாறத் தொடங்கும். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு முதல், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைப் பெண்களுக்குச் செய்தார்கள். அந்நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் முடிவு வெளியானது.

சினைப்பையோ அடிவயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாது, செல்களைச் சுரண்டி எடுக்கவும் வழியில்லை. 1981-இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் சிஏ-125ஐக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளை வெளியிட்டபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் கருப்பைக் கட்டி, வயிற்றுக் காசநோய் போன்றவற்றிலும் இந்த அளவு ஏறும். புற்றுநோயின் தொடக்கத்தில் பலருக்கு ஏறாமலும் இருக்கும். பிரிட்டனில் 2001 முதல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் இந்த ரத்தச் சோதனை, இன்னொரு பிரிவினருக்கு ஸ்கேன், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. 2021-இல் வந்த இறுதி முடிவு: சோதனையால் இறப்பு குறையவில்லை.

ஆகவே தொந்தரவு ஏதும் இல்லாதவர்கள் இந்தச் சோதனையை நம்பி நிம்மதி அடைய வேண்டாம். எண் கூடியது என்று பதறவும் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். என் அக்காவையும் நாங்கள் இந்த நோய்க்குத்தான் கொடுத்தோம். வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. வாயு என்று மாதக்கணக்கில் ஓமத் தண்ணீர் குடித்தாள்.

ஐம்பது தாண்டிய பெண்களே, தீராத வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என்று இரண்டு மூன்று வாரம் நீடித்தால் சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியைப் பிரசவத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களையும் அங்கே பார்ப்பார்கள்.